வீட்டுக் கர்லிங் செட்: பொருள் பரவாயில்லை, விதித்தாளைக் கிழித்துப் போடுங்கள்

மூணு மாதம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதியிருந்தால் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன். ஒரு வாரம் கழித்து எழுதியிருந்தால் ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டேன், பொருளைத் திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. இப்போது மூணரை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பொருள் என்னவென்றால், வீட்டுத் தரையிலோ மேசை மேலோ விரித்து ஆடும் கர்லிங் செட், ஐஸில் கல்லைத் தள்ளிவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டத்தின் வீட்டு வடிவம். ஆன்லைனில் 1,899 ரூபாய், சேலத்துக்கு நாலு நாளில் வந்து சேர்ந்தது. ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் சுருட்டி வைத்த ஒரு விரிப்பு. சிவப்பில் நாலு, மஞ்சளில் நாலு என்று எட்டுக் கல். கல் என்று பெயர்தானே தவிர எல்லாம் பிளாஸ்டிக், ஒவ்வொன்றின் அடியிலும் மூணு எஃகு உருண்டை இருக்கிறது, அதன் மேல்தான் ஓடுகிறது. அப்புறம் ஒரு விதித்தாள். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை, சொல்லியும் பயனில்லை, இதே செட் இதே படத்தோடு ஏழெட்டுப் பெயரில் விற்கிறது.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது 2022 பிப்ரவரியில். பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இத்தாலியின் கான்ஸ்டன்டினியும் மொசானரும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கலப்பு இரட்டையர் தங்கம் வாங்கினார்களே, அதைப் பையனும் நானும் போனில் பார்த்தோம். முதல் பத்து நிமிடம் சிரிப்புதான் வந்தது, ஐஸைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினால் வேறென்ன செய்வது. அரை மணி நேரத்தில் சிரிப்பு நின்று, இது கேரமும் சதுரங்கமும் கலந்த ஆட்டம் என்று புரிந்துவிட்டது. 45.72 மீட்டர் நீளத்துக்கு ஐஸ் பாதை, அகலம் மிஞ்சிப் போனால் 5 மீட்டர். ஒரு முனையிலிருந்து கிரானைட் கல்லைக் கைப்பிடி பிடித்துத் தள்ளிவிட வேண்டும், எடை 17.24 கிலோவிலிருந்து 19.96 கிலோ வரை. அது மறுமுனையில் இருக்கும் 12 அடி வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல், மாறி மாறிப் பதினாறு கல் போனால் ஒரு எண்டு, ஒலிம்பிக்கில் அப்படிப் பத்து எண்டு. கலப்பு இரட்டையரில் மட்டும் எட்டு.

இனி குறைக்கு வருகிறேன். முதல் குறை அந்த விதித்தாள்தான், அதிலும் புள்ளிக் கணக்கு. நடுவில் நின்றால் 5, அடுத்த வளையத்துக்கு 3, வெளி வளையத்துக்கு 1, எல்லாவற்றையும் கூட்டிப் பார், அதிகம் எடுத்தவர் ஜெயித்தார் என்று போட்டிருக்கிறார்கள். அம்பு எறியும் பலகைக்கு வேண்டுமானால் இந்தக் கணக்கு சரி. கர்லிங்கில் வளையங்களுக்கு மதிப்பே கிடையாது. எந்தக் கல் நடுவுக்குப் பக்கம் என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியத்தான் அந்தக் கலரெல்லாம். எல்லாக் கல்லும் போன பிறகு, நடுப்புள்ளிக்கு மிக அருகில் யாருடைய கல் நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டும்தான் புள்ளி, அதுவும் எதிரணியின் சிறந்த கல்லைவிட உள்ளே இருக்கும் கல்லுக்குத் தலா ஒன்று. உன் மூணு கல் வட்டத்துக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாலும் என் ஒரே கல் அவற்றைவிட ஒரு விரல்கடை உள்ளே இருந்தால் எனக்கு 1, உனக்கு முட்டை. ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. எதிராளியின் நல்ல கல் ஒன்றைத் தட்டிவிட்டால் அவர் கணக்கு மொத்தமும் சரிகிறது, என் நல்ல கல் ஒன்றை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டால் என் கணக்கு மொத்தமும் நிற்கிறது. தாளில் இருந்தபடி ஆடிய முதல் வாரம் பையனும் அக்கா மகளும் நடுவைப் பார்த்து எறிந்துகொண்டே இருந்தார்கள், யாரும் யார் கல்லையும் சீண்டவில்லை, அஞ்சாம் நாள் விரிப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இரண்டாவது தப்பு கடைசிக் கல். ஒரு எண்டில் கடைசியாகப் போடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர், கர்லிங்கில் அதைவிடப் பெரிய சொத்து இல்லை. எல்லாரும் போட்டு முடித்த பிறகு நிலவரத்தைப் பார்த்துப் போடுவது யாருக்குத்தான் கசக்கும். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் முதலில் போட வேண்டும், ஹேமர் எதிரணிக்குப் போகும், அதுதான் விதி. எங்கள் தாளில் தலைகீழாக, ஜெயித்தவருக்கே அடுத்த எண்டிலும் கடைசிக் கல் என்று இருக்கிறது. அப்படி ஆடிப் பாருங்கள், முதல் எண்டில் முந்தியவர் கடைசி வரை முந்திக்கொண்டே போவார். சரியான விதியில் ஒரு தந்திரமும் இருக்கிறது. நாலு பேர் அணி ஆட்டத்தில் ஒரு எண்டில் யாருக்குமே புள்ளி இல்லையென்றால் ஹேமர் வைத்திருந்தவருக்கே அது தொடரும், அதனால் ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்று தெரிந்தால் அதையும் வேண்டாம் என்று கடைசிக் கல்லை வேண்டுமென்றே வெளியே விடுவார்கள், அடுத்த எண்டில் இரண்டாக எடுக்கலாமே என்ற கணக்கு. கலப்பு இரட்டையரில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது, வெறும் எண்டு என்றால் உரிமை கை மாறிவிடும்.

மூணாவது, விரிப்பின் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. அது எதற்கு என்று தாளில் ஒரு வார்த்தை இல்லை, டிசைனுக்குப் போட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதுதான் ஹாக் லைன். நிஜப் பாதையில் வட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து 6.40 மீட்டர் முன்னால் இருக்கும், இரண்டு முனையிலும் உண்டு. கல்லைப் பக்கத்துக் கோட்டைத் தாண்டும் முன் கையிலிருந்து விட்டுவிட வேண்டும், அது தூரத்துக் கோட்டை முழுசாகத் தாண்ட வேண்டும். தாண்டாமல் சோம்பிப் போய் நின்றால், வழியில் ஆட்டத்திலிருக்கும் வேறொரு கல்லில் மோதியிருந்தாலொழிய, எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பக்கக் கோட்டைத் தொட்டாலும் வெளியே, பின்கோட்டை முழுசாகத் தாண்டினாலும் வெளியே. இந்த ஒரு விதியைச் சேர்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் பிள்ளைகள் மெதுவாகத் தள்ளப் பழகினார்கள், அதற்கு முன் ஒன்று சுவர் வரைக்கும் போகும், இல்லாவிட்டால் பாதியில் படுத்துவிடும்.

அந்தக் கோட்டுக்கும் வட்டத்தின் நடுக்கோட்டுக்கும் இடையில், வட்டத்துக்கு வெளியே இருக்கும் இடத்தில் காவல் கல் வைப்பார்கள். அதன் மறைவில் இன்னொரு கல்லை உள்ளே சேர்ப்பதுதான் வியூகம். வைத்த உடனே எதிராளி வந்து தட்டிவிட்டால் வியூகம் எங்கே நடக்கும், அதனால் இப்போதைய விதிப்படி முதல் அஞ்சு கல் போகும்வரை எதிராளியின் காவல் கல்லை ஆட்டத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. வெளியேற்றினால் போட்ட கல்லை எடுத்துவிட்டு, நகர்ந்ததைப் பழைய இடத்தில் வைப்பார்கள். எட்டே கல் இருக்கும் செட்டில் அஞ்சு கல் வரை தடை போட்டால் மிச்சம் என்ன இருக்கும், ஆகவே நாங்கள் கலப்பு இரட்டையர் விதியைப் பிடித்துக்கொண்டோம்: நாலாவதாகப் போடும் கல்லிலிருந்துதான் எந்தக் கல்லையும் வெளியே தட்டலாம், அதற்கு முன் வட்டத்துக்குள் இருப்பதைக்கூடத் தட்டக் கூடாது. இந்தச் செட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. வாங்குபவர்கள் தாளைக் கிழித்துவிட்டு இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்திலும் ஒரு சிக்கல். நிஜப் பாதை 150 அடி, விரிப்பு ஆறடி, சரியாக இருபத்தஞ்சில் ஒரு பங்கு, பேஷ். அந்தக் கணக்குப்படி வட்டம் ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், இவர்கள் ஓரடிக்குப் போட்டிருக்கிறார்கள். போகட்டும், சின்னதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கல்லை இரண்டு அங்குல அகலத்துக்குச் செய்துவிட்டார்கள். நிஜ வட்டத்தின் குறுக்கே பன்னிரண்டு கல் வரிசையாக நிற்கலாம் என்றால் இதில் ஆறுதான். அஞ்சாவது கல்லுக்கெல்லாம் உள்ளே நெரிசல், மோதாமல் எதுவும் போவதில்லை. யார் கல் நெருக்கம் என்ற சண்டையும் வந்துவிடும், ஒருவர் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் மஞ்சள், எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் சிவப்பு. ஒலிம்பிக்கில் நடுப்புள்ளியில் ஊன்றிச் சுற்றி வரும் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஈர்க்குச்சி ஒடித்து அளக்கிறோம். எங்கள் ஆட்டத்தில் விளக்குமாற்றுக்கு இருக்கும் ஒரே வேலை இதுதான், உருண்டையில் ஓடும் கல்லுக்கு முன்னால் எதைத் தேய்த்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, விதியைத் திருத்தியாகிவிட்டது. அடுத்தது தரை. திருப்பி அனுப்பப் பார்த்தேன் என்றேனே, அது இதனால்தான். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு ஹாலில் விரித்தால் எந்தக் கல்லை எப்படித் தள்ளினாலும் கடைசி ஒன்றரை அடியில் வாசல் பக்கமாகச் சாய்ந்து போகிறது. செட்டில்தான் கோளாறு, உருண்டை கோணல் என்று முடிவு கட்டி, புகார் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்துப் பெரியப்பா வந்திருந்தார். நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர், இப்போது முட்டி வலி. சோபாவில் உட்கார்ந்தபடியே ரெண்டு கல் ஓடுவதைப் பார்த்தார்.

"கல்லுல ஒண்ணுமில்ல கண்ணு. தரையில வாட்டம் இருக்குது. கழுவி விட்டா தண்ணி வாசலுக்கு ஓடணும்னு நாந்தான வாட்டம் குடுத்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அந்தத் தரையைப் போட்டதே அவர். மறுநாள் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தே காட்டிவிட்டார், குமிழி நடுவில் நிற்கவே இல்லை. நம் ஊரில் கழுவித் தள்ளும் பழக்கம் இருக்கும் வரை பெரும்பாலான வீட்டு ஹாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் உருளுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒலிம்பிக்காரர்கள் தரைக்குப் படும் பாடு தெரிந்தால் நம் பாடு ஒன்றுமே இல்லை. பெய்ஜிங்கில் கர்லிங் நடந்த இடம் ஒரு நீச்சல் குளம். 2008-ல் மைக்கேல் பெல்ப்ஸ் எட்டுத் தங்கம் எடுத்தாரே, அதே குளம். தண்ணீரை வடித்து, உள்ளே எஃகுச் சட்டம் நிறுத்தி, அதன் மேல் கான்கிரீட் பலகை பரப்பி, அதற்கும் மேல் ஐஸ் கட்டினார்கள். மட்டம் பார்த்துக் கட்டிய ஐஸையும் அப்படியே வழவழவென்று விட மாட்டார்கள். முதுகில் தண்ணீர்த் தொட்டியை மாட்டிக்கொண்டு ஒருவர் பின்பக்கமாக நடந்தபடியே பூவாளி மாதிரி துளித்துளியாகத் தெளித்துக்கொண்டு போவார், அது உடனே உறைந்து தரை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். கல்லின் அடியும் தட்டை இல்லை, குழிந்திருக்கும், மெல்லிய ஒரு வளையம் மட்டும்தான் அந்தக் கொப்புளங்களின் மேல் உரசிக்கொண்டு ஓடும். துடைப்பத்தால் தேய்ப்பது கொப்புளத்தின் தலையைக் கொஞ்சம் சூடாக்கத்தான், உராய்வு குறையும், கல் கூடுதலாகச் சில மீட்டர் போகும், வளைவதும் குறையும். கேரம் போர்டில் பவுடர் தூவுகிறோமே, அந்த வேலையைக் கல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முன்னால் போய்ச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வளைவது என்றதும் நினைவு வருகிறது, பெட்டியின் மேலேயே ஒரு பொய் இருக்கிறது. கல்லைச் சுழற்றிவிட்டால் அழகாக வளைந்து போகும் என்று படம் போட்டிருக்கிறார்கள். போகாது. அடியில் உருண்டை இருக்கும் கல் எவ்வளவு சுழற்றினாலும் நேராகத்தான் ஓடும். நிஜக் கல் வளைவது உராய்வினால். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு, சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, கிரானைட் மேடையில் கடிகாரம் சுற்றும் திசையில் சுழற்றித் தள்ளுங்கள், இடது பக்கம் ஒடியும். ஐஸில் கர்லிங் கல்லை அதே மாதிரி சுழற்றிவிட்டால் வலது பக்கம் வளையும். இரண்டும் கவிழ்த்த கிண்ணம்தான், இரண்டும் உராய்ந்துகொண்டுதான் போகின்றன, ஆனால் நேர் எதிர்த்திசை. ஏன் இப்படி என்று இயற்பியல்காரர்களே இன்னும் ஒத்துவரவில்லை. டம்ளர் பரிசோதனையை அக்கா மகள் பத்து முறைக்கு மேல் செய்து ஒரு டம்ளரை நசுக்கிவிட்டாள், வீட்டில் திட்டு எனக்கு.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழ் இருக்கும் ஹால், மதியம் இரண்டு மணிக்கு விரிப்பு குழைந்துவிடுகிறது, கல் சேற்றில் நடப்பது போல நடக்கிறது, சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டு வந்து ஆடினால் அதே தள்ளலுக்கு அரை அடி கூடுதலாக ஓடுகிறது. பெட்டியில் சுருண்டு கிடந்த விரிப்பு முதல் பத்து நாள் முனையை மடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு பக்கமும் அரிசிப் பையை ஏற்றி வைத்தேன். பவுடர் தூவிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நான் கேட்டுவிட்டு உருண்டைக் குழியிலிருந்து பல்குத்தும் குச்சியால் பவுடரை நோண்டி எடுத்தேன். தையல் மெஷின் எண்ணெயும் அப்படித்தான், ஒரு நாள் வழுக்கும், மறுநாள் வீட்டில் இருக்கும் தலைமுடி எல்லாம் அதில் சுற்றியிருக்கும்.

அரைப் பரீட்சை லீவில் ஏற்காட்டுக்குப் போனோம், இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் தெரிந்தவர் வீடு. இரண்டு நாளும் பனி விலகவே இல்லை, வெளியே போக வழியில்லாமல்தான் செட்டை எடுத்தோம். அங்கே பழைய காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை, பளபளவென்று இருந்தது, ஆனால் ஈரத்தில் விரிப்பின் அடி வியர்த்து வழுக்கியது. ஹாலில் எட்டடிச் சாப்பாட்டு மேசை ஒன்று கிடந்தது, அதன் மேல் விரித்தோம். பெரியப்பா கைப்பையில் ரசமட்டம் வைத்திருந்தார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குமிழி நட்டநடுவில் நின்றது. அடடா, இனிமேல்தான் ஆட்டம் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. கல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, நேராக மட்டும்தான் போகிறது. முன்னால் காவல் கல் ஒன்று நின்றால் சுற்றிப் போக வழியே இல்லை, வைத்தவருக்கே வழி அடைபட்டுவிடுகிறது.

"வாட்டத்த எடுத்துட்டு ஆடுனா எப்புடி வளையும்? ஒரு பக்கம் தூக்குடா சாமி," என்றார் பெரியப்பா.

சீட்டுக்கட்டிலிருந்து நாலு சீட்டை எடுத்து, மடித்து, மேசையின் இடது பக்கக் கால் இரண்டுக்கும் அடியில் கொடுத்தோம். குமிழி ஒரு நெல் அளவு நகர்ந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வேகமாகப் போகும்போது கல் நேராகப் போய், வேகம் குறையக் குறைய வலது பக்கம் வளைந்து, காவல் கல்லைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. ஐஸிலும் கல் ஓய்கிற நேரத்தில்தான் அதிகமாக வளையும். எங்கள் வீட்டு ஹாலைப் பற்றி நான் எழுத உட்கார்ந்த புகார், ஆட்டத்துக்கு வேண்டிய ஒரே மருந்தாக மாறிவிட்டது. ஒரே பக்கம்தானே வளையும் என்றால், ஒவ்வொரு எண்டுக்கும் சீட்டை எதிர்ப்பக்கக் கால்களுக்கு மாற்றிவிடுங்கள், முடிந்தது. இந்த நாலு சீட்டுக்காகத்தான் மூணுக்கு மேல் அந்த அரை.

ஆடிக்கொண்டே பெரியப்பா அது என்ன கல்லு என்று கேட்டார். ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் ஐல்சா கிரெய்க் என்ற ஆளில்லாத தீவிலிருந்து எடுக்கும் கிரானைட், தண்ணீரை உறிஞ்சாது, உறிஞ்சினால் உள்ளே உறைந்து வெடித்துவிடும் என்றேன். நம்ம சேர்வராயன் மலைக் கல்லும் லேசில் உறிஞ்சாது என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னும் ஸ்காட்லாந்துக்காரர்தான், கர்லிங்கும் அந்த ஊர் ஆட்டம்தான், மனுஷர் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு எண்டை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஆறாவது, கடைசி எண்டு. பையனும் நானும் மஞ்சள், பெரியப்பாவும் அக்கா மகளும் சிவப்பு, மூணுக்கு மூணு. ஹேமர் அவர்களிடம். பையன் முதல் கல்லைக் கோட்டைத் தாண்டி நடுவில் காவலாக நிறுத்தினான். அக்கா மகளின் கல் அதைச் சுற்றப் போய், அதிகமாக வளைந்து வெளி வளையத்தில் நின்றது. நான் போட்டது ஒன்றுக்கும் உதவாது, விட்டுவிடுங்கள். பெரியப்பா ஒரு சிவப்பை உள்ளே வைத்தார், நான் ஏழாவது கல்லுக்கு முந்திய என் முறையில் அதைத் தட்டி எடுத்தேன், நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். ஏழாவது கல்லைப் பையன் போட்டான். காவலைச் சுற்றி வந்து நடுப்புள்ளியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது, அக்கா மகளே "ஐயோ சூப்பர்டா" என்றுவிட்டாள். மீதி ஒரே கல், பெரியப்பா கையில். பையன் நெருக்கம் பார்க்க மேசை மேல் எக்கினான், அப்புறம் அப்படியே நின்றான்.

"தாத்தா, என் ஸ்வெட்டர் கை பட்டுடுச்சு. கல்லு நகர்ந்துடுச்சு."

நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவன் சொல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. கர்லிங்கில் இதற்கு விதி உண்டு, நின்றுகொண்டிருக்கும் கல்லை ஒருவர் தெரியாமல் நகர்த்திவிட்டால் எதிரணிதான் அதைப் பழைய இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். பட்டதை அவரவரே சொல்லிவிட வேண்டும் என்பதும் அந்த ஆட்டத்தின் வழக்கம், நடுவர் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிட மாட்டார்கள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லைத் தூக்கி, ரசமட்டம் பார்ப்பவர் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, புள்ளியின் ஓரத்தில் எங்கே நின்றதோ அங்கேயே வைத்தார். வைத்துவிட்டு உட்கார்ந்து தன் கடைசிச் சிவப்பை விட்டார். காவலைத் தாண்டியது, வளைந்தது, மஞ்சளின் தோளில் மெல்ல இடித்து நின்றது. ஈர்க்குச்சி வைத்து மூணு தடவை அளந்தோம். சிவப்பு, ஈர்க்குச்சியின் தடிமன் அளவுக்கு. பையன் பஜ்ஜி சாப்பிடும் வரை யாரோடும் பேசவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள், ஆறடிக்குக் குறையாத மேசை, இரண்டும் இருந்தால் வாங்கலாம். தரையில்தான் ஆட முடியும் என்றால் முட்டி வலிக்காரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம், சக்கர நாற்காலி கர்லிங்கில் கம்பின் நுனியில் கைப்பிடியை மாட்டித்தான் தள்ளுகிறார்கள், 2006-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது, அதில் தேய்ப்பதும் கிடையாது. பெரியப்பா துணி எடுக்கும் குச்சியால் தள்ளுவார். அவர் யோசிக்கும் நேரத்துக்கு மட்டும் ஏதாவது செய்யுங்கள், ஒலிம்பிக்கிலேயே பத்து எண்டுக்கும் சேர்த்து ஒரு அணிக்கு 38 நிமிடம்தான், எங்கள் வீட்டில் ஒரு கல்லுக்கே ஒரு காப்பி முடிந்துவிடுகிறது. போனில் அலாரம் வைத்திருக்கிறோம், அதை அவர் அணைத்துவிடுகிறார்.

கடைசியாக ஒன்று. போன வாரம் ஒரு கல்லின் உருண்டை தெறித்துப் பீரோவுக்கு அடியில் போனது போனதுதான். விற்றவருக்கு எழுதினேன், உதிரி உருண்டை கிடையாது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. மீதி இரண்டு உருண்டையில் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவைத் திறந்தார்.

"பால்ரஸ் குண்டுங்க. எந்த சைக்கிளுக்கு?"

"சைக்கிளுக்கு இல்லைங்கண்ணா, கல்லுக்கு."

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பத்து ரூபாய்க்கு ஒரு கைப்பிடி அள்ளிப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். அச்சாகப் பொருந்துகிறது, பழையதைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஓடுகிறது.